செவ்வாய்க்கிழமைக் கத்தி

அந்தச் சோப்புக் கிண்ணத்தைக் கொஞ்சம் தள்ளி வைங்கண்ணே. என் கை பட்டா விழுந்துரும். வேணும்னு தட்டுறதில்ல. இப்பல்லாம் அப்படித்தான் ஆகுது.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. என்ன அவசரம்? மணி ஆறரைதான். எட்டரைக்கு மேலதான் ஆபரேசன் தியேட்டருக்குத் தள்ளிட்டுப் போவாங்கன்னு நர்ஸம்மா சொன்னாங்க. என் கழுத்துல இருக்கிறது மூணு நாள் தாடி. எனக்கு நாலு நிமிஷ வேலை. உங்களுக்கு ஏழுன்னு வச்சுக்குவோம். கோவிச்சுக்காதீங்க, நீங்க பிரஷ்ஷைப் பிடிக்கிறதைப் பாத்தே சொல்லிருவேன். இங்க வேலைக்குச் சேந்த பிறகு கத்துக்கிட்டதுதானே? அதான. தொழில்காரன் மூணு விரல்ல பிடிப்பான். நீங்க சுவருக்கு வெள்ளையடிக்கிற மாதிரி பிடிச்சிருக்கீங்க.

தப்பில்ல. ஆஸ்பத்திரிக்கு அது போதும்.

என் பேரு வைரக்கண்ணு. மணப்பாறையில பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால கடை. முப்பத்தோரு வருசம் ஆச்சு. மூணு சேரு. நடு சேரு என்னுது. வாசப்பக்கத்து சேரு என் வீட்டுக்காரியோட தம்பி செல்லத்துரையோடது. மூணாவதுல ஆள் கிடையாது, துண்டு காயப் போட்டிருக்கோம். செல்லத்துரையை நீங்க பாத்திருப்பீங்க. ஒல்லியா, நீலச் சட்டை. பத்து நாளா என் கட்டிலுக்குக் கீழதான் படுத்திருக்கான். விடியக்காலையில எந்திரிச்சு எங்கயோ போனான், இன்னும் காணோம். அவனைப் பத்தித்தான் சொல்லணும் உங்ககிட்ட.

இருங்க. பிளேடைக் கையில எடுக்காதீங்க. மொதல்ல ஒண்ணு கேக்கறேன். இன்னைக்கு என்ன கிழமை?

செவ்வாய். தெரிஞ்சேதான் வந்திருக்கீங்க.

எந்த ஊர்லயாவது செவ்வாய்க்கிழமை சலூன் திறந்து பாத்திருக்கீங்களா? வெள்ளிக்கிழமைகூட அடுத்தவங்களுக்குப் போடுவோம், நம்ம மேல கத்தி படக்கூடாது. செவ்வாய்க்கிழமை ரெண்டுமே கிடையாது. எங்கப்பா செவ்வாய்க்கிழமை கத்தி எடுத்து நான் ரெண்டு தடவை பாத்திருக்கேன். ரெண்டும் சாவு வீடு. கொள்ளி வைக்கிறவனுக்குத் தலை மழிக்கணும், அதுக்குக் கிழமை பாக்க முடியாதில்ல. மத்தபடி என்ன ஆனாலும் கத்தி பெட்டிக்குள்ளதான். எங்க வீட்டுல செவ்வாய்க்கிழமை கத்தியைத் தொட்டா என்ன அர்த்தம்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

இந்த யூனிட்டு டாக்டருங்களுக்கு தியேட்டர் நாள் எது? செவ்வாயும் வெள்ளியும். ஏழு நாள்ல வேற நாளே கிடைக்கல. கேட்டேன் அண்ணே. பெரிய டாக்டர்கிட்டயே கேட்டேன், புதன்கிழமை வச்சுக்கலாமான்னு. புதன்கிழமை தியேட்டர் வேற யூனிட்டுக்காம். அப்ப அந்த யூனிட்டுக்கு என்னை மாத்தி விடுங்கன்னேன். அவர் சிரிச்சுட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டார்.

நான் எந்திரிச்சுக்கிறேன். உக்காந்தே இருந்தா கால் எங்க இருக்குன்னு தெரிய மாட்டேங்குது. விழ மாட்டேன், சுவரைப் பிடிச்சுக்கிறேன். நீங்க உக்காந்து கேளுங்க.

ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒரு ஆடி மாசம். சட்டைப் பட்டனைப் போடறேன், போட முடியல. பட்டன் கையில இருக்கு, ஆனா இருக்கிற மாதிரி இல்ல. துணியைச் சுத்திக்கிட்டுத் தொட்ட மாதிரி. தண்ணியிலயே கிடக்கிற கையாச்சே, ஈரம் இழுத்துருச்சுன்னு நினைச்சேன். வேப்பெண்ணெயைக் காய்ச்சித் தேச்சேன். அப்புறம் சீப்பு விழ ஆரம்பிச்சது. அப்புறம் செருப்பு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு வந்து பாத்தா ஒரு கால்ல செருப்பு இல்ல. எங்க கழண்டுச்சுன்னே தெரியாது.

இதை நான் யார்கிட்டயும் சொல்லல. செல்லத்துரை பாத்துக்கிட்டே இருந்திருக்கான். பாத்ததும் என்ன பண்ணினான் தெரியுமா? ஒரு வார்த்தை கேக்கல. மறுநாள் என் சட்டை நாலுக்கும் பட்டனை எடுத்துட்டு, அழுத்தினா ஒட்டிக்கிற பட்டன் வச்சுத் தச்சு ஆணியில மாட்டிட்டான். கைக்குழந்தைக்கு வைப்பாங்களே, அது. என்னைக் கேவலப்படுத்தணும், அதான். என் கத்திப் பிடியில சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுத்தி வச்சான். முப்பது வருசக் கத்தி. பாக்கச் சகிக்கல.

கேட்டா, "வழுக்காம இருக்கும் மாமா"ங்கிறான்.

நான் கேட்டேனா வழுக்குதுன்னு?

அப்புறம் என் ஆளுங்களை இழுக்க ஆரம்பிச்சான். என் சேர்ல உக்கார வர்றவங்களை, "மாமா டீக்குப் போகணும், நீங்க இங்க வாங்க"ன்னு கூப்பிட்டுக்குவான். நான் டீயே கேக்கல. மிஷின் போடற வேலையை மட்டும் என்கிட்ட விடுவான், ஷேவிங்னா அவனே எடுத்துக்குவான். நல்லா யோசிச்சுப் பாருங்க. முகத்துல கத்தி வைக்கிறவன்கிட்டதான் ஆளு ஒட்டும். மிஷின் எவன் வேணாலும் போடலாம்.

ஒருநாள் ஹெட்மாஸ்டர் சார் வந்தார். அவர் இருபது வருசமா என் சேருதான். கண்ணை மூடிக்கிட்டு உக்காந்தாருன்னா தூங்கிருவார். காதுக்குப் பக்கத்துல வழிக்கிறேன், கை ஒரு நூலளவு தள்ளிப் போயிருச்சு. பெரிய காயமில்ல. காது மடல்ல ஒரு கீறல், ஆனா ரத்தம் நிக்கல. இவன் என்ன பண்றான், பக்கத்துல துண்டோட நின்னவன் என் கையில இருந்து கத்தியைப் பிடுங்கிட்டு என்னை ஒரு தள்ளு தள்ளுறான். சார் கண்ணைத் திறக்கறாரு. கத்தி அவன் கையில. "மன்னிச்சுருங்க சார், மாமா டீக்குப் போயிருந்தார், நான்தான் கவனிக்காம வச்சுட்டேன்"ங்கிறான்.

சார் அவனைப் பிடிபிடின்னு பிடிச்சார். கடையில எட்டுப் பேர் இருக்காங்க. நான் பாத்துக்கிட்டிருந்தேன். நல்லா வேணும்னு நின்னேன். பிடுங்குறதுக்கு ஆசைப்பட்டா வாங்கிக் கட்டிக்கணுமில்ல. அதுலயிருந்து சார் கடைக்கு வந்தா செல்லத்துரை சேர்ல உக்காரறதே இல்ல. எனக்காகத்தான் காத்திருப்பார். செல்லத்துரை வந்து, "மாமாவுக்கு இன்னைக்கு உடம்பு சரியில்ல சார்"னு திருப்பி அனுப்பிருவான். பொறாமை.

எந்திரிச்சுட்டீங்களா பிளேடோட? உக்காருங்கண்ணே. இன்னும் முக்கியமானது சொல்லல.

மரத்துப்போற கைக்கு எங்க வைத்தியம் நெட்டி எடுக்கிறது. உங்களுக்குத் தெரியும். தலையை ரெண்டு கையாலயும் பிடிச்சு, ஒரு பக்கமாத் திருப்பி வெடுக்குன்னு ஒரு சொடுக்கு. மடமடன்னு சத்தம் வரும். முடி வெட்டிட்டு அதுக்குன்னே காத்திருக்கிற ஆளுங்க இருக்காங்க. எங்க தாத்தாவை ஊர்ல வைத்தியர்னுதான் கூப்பிடுவாங்க. சுளுக்கு எடுப்பார், கட்டி கீறுவார், மருந்து கட்டுவார். அந்தக் கை எனக்கும் இருந்துச்சு. ஆனா என் தலையை நானே பிடிக்க முடியாதே. அதனால கடையை அடைச்சதும் செல்லத்துரையை எடுக்கச் சொல்லுவேன். தினமும். எடுத்தா கொஞ்ச நேரம் கழுத்து லேசா இருக்கும். கை மட்டும் அப்படியே இருக்கும். சரியா எடுக்கல, அதான் கைக்கு எட்டலன்னு, இன்னும் அழுத்தி எடுடாம்பேன்.

போன கார்த்திகை மாசம் ஒருநாள் எடுக்கறான், பின்கழுத்துல இருந்து முதுகு வழியா ரெண்டு காலுக்கும் கரண்ட் அடிச்ச மாதிரி இறங்குச்சு. நான் "ஆ"ன்னேன். அவ்வளவுதான், பய கையை எடுத்துட்டான். "இனிமே எடுக்க மாட்டேன் மாமா. இது கழுத்து விவகாரம். ஸ்கேன் எடுப்போம்"னான்.

"நீ எப்படா டாக்டருக்குப் படிச்ச?"

"படிக்கல மாமா. பயமா இருக்கு."

"உங்கக்காளைக் கட்டினவன் சொல்றேன், எடு."

எடுத்தான். எப்படி எடுத்தான்? பூவைத் தொடற மாதிரி. தலையைப் பிடிச்சுச் சும்மா இப்படி ஆட்டிட்டு விட்டுட்டான். ஒரு சத்தம் வரல. நாலு மாசம் இப்படியே ஏமாத்தினான் என்னை. எனக்குக் குணமாயிரக்கூடாதுன்னு அவனுக்கு எண்ணம். இல்லன்னா ஏன் அப்படி எடுக்கறான், சொல்லுங்க?

கடைசியில பொறுக்க முடியாம நானே எடுத்தேன். கண்ணாடிக்கு முன்னால நின்னு, தாடையில ஒரு கை, உச்சியில ஒரு கை. ஒரே சொடுக்கு. சத்தம் வந்துச்சு. நல்லாவே வந்துச்சு. அப்புறம் பாத்தா நான் ரெண்டு சேருக்கு நடுவுல தரையில கிடக்கறேன். காலை எடுன்னா கால் கேக்கல. அரை மணி நேரம் கழிச்சுத்தான் கொஞ்சம் கொஞ்சமா அசைஞ்சது. அவன் ஒழுங்கா எடுத்திருந்தா நானா எடுத்திருப்பேனா? யார் தப்பு இது?

இங்க கொண்டாந்து சேத்ததும் அவன்தான். சேத்ததோட விட்டானா? டாக்டரம்மா இருக்காங்களே, கண்ணாடி போட்ட சின்னப் பொண்ணு, அவங்ககிட்ட போய் எல்லாத்தையும் சொல்லிட்டான். நெட்டி எடுத்தது, நானே எடுத்தது, விழுந்தது. என்னை வச்சுக்கிட்டே. அந்தம்மா என்னைப் பாத்த பார்வை இருக்கே. திட்டல. திட்டியிருந்தாப் பரவாயில்ல. "ஐயா, இனிமே யாரும் உங்க கழுத்தைத் தொடக்கூடாது"ன்னு சொல்லிட்டு ஒரு பட்டையை எடுத்து மாட்டி விட்டாங்க. இதோ, கட்டில் மேல கிடக்கு. உங்களுக்காகத்தான் இப்ப கழட்டினாங்க. ஊர் கழுத்தையெல்லாம் தொட்டவன் நான்.

படம் எடுத்துக் காட்டினாங்க. கழுத்தெலும்புக்கு நடுவுல ஒரு வழி இருக்காம். அது வழியாத்தான் மூளையில இருந்து தண்டுவடம் இறங்குதாம். எலும்புக்கு இடையில இருக்கிற மெத்தை தேஞ்சு, பின்னால பிதுங்கி, அதை நசுக்குதாம். ரெண்டு இடத்துல. தண்ணிக் குழாயைக் காலால மிதிச்ச மாதிரின்னு சொன்னாங்க. அப்ப என் கைக்கு ஒண்ணும் இல்லையான்னு கேட்டேன். "கை நல்லாத்தான் இருக்கு ஐயா. கைக்குச் சேதி வரலை"ன்னாங்க. ரெண்டு வருசமா வேப்பெண்ணெய் தேச்சிருக்கேன்.

முன்பக்கமா வெட்டுவாங்களாம். இங்க, குரவளைக்குப் பக்கத்துல, கழுத்துச் சுருக்கம் இருக்கிற இடமாப் பாத்து மூணு விரக்கடை. சாப்பாட்டுக் குழாயையும் மூச்சுக் குழாயையும் ஓரமா நகர்த்தி வச்சுட்டு, பிதுங்கினதை எடுத்துட்டு, நடுவுல எலும்புத் துண்டை வச்சு, தகடு போட்டுத் திருகுவாங்களாம். கொஞ்ச நாள் குரல் கம்மலா இருக்குமாம், முழுங்கச் சிரமமா இருக்குமாம். சரி, என் கை பழையபடி ஆகுமான்னு கேட்டேன்.

"போனது எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாது ஐயா. நல்லாத் தேறினவங்களும் இருக்காங்க. ஆனா இருக்கிறது போகாமப் பாத்துக்கத்தான் ஆபரேசன்"ன்னாங்க.

நம்ம கடையில இப்படிப் பேச முடியுமா? உக்காருங்க சார், முடி வெட்டறேன், ஆனா வெட்டின மாதிரி இருக்கும்னு சொல்ல மாட்டேன்னு?

போன செவ்வாய்க்கிழமை என்னை எடுத்துட்டுப் போயிருக்கணும். பட்டினியா இருக்கச் சொன்னாங்க. நான் கக்கூசுல போய் ஒரு பன்னைத் தின்னுட்டு வந்து, தின்னுட்டேன்னு சொல்லிட்டேன். தள்ளி வச்சுட்டாங்க. வெள்ளிக்கிழமை இருமினேன். நல்லா இருமினேன், மயக்க மருந்து டாக்டர் வந்து நெஞ்சுல வச்சுப் பாத்துட்டுத் தள்ளி வச்சுட்டார். ரெண்டு தடவையும் செல்லத்துரை வெளிய போய் வராண்டாவுல நின்னுக்கிட்டான். பூமயில், என் வீட்டுக்காரி, அவதான் வார்டு கேட் வரைக்கும் வந்து சொல்லிட்டுப் போனா. "அவன் அழறான்யா. செவ்வாயாவது வெள்ளியாவது, உனக்குக் கால் போயிருச்சுன்னா எல்லா நாளும் ஒண்ணுதான்"ன்னா. அவன் எதுக்கு அழணும்? கடைக்கு ஒரே சேரு போதும்னு நினைக்கிறவன். செவ்வாய்க்கிழமை கத்தி பட்டா என்ன ஆகும்னு அவனுக்கும் தெரியும். அவனும் எங்க வீட்டுக்குப் பொண்ணு குடுத்த ஆளுதான். தெரிஞ்சுதான் என்னை இதுல தள்ளுறான்னு வச்சுக்கங்களேன். பத்து நாளா ராத்திரியெல்லாம் இதேதான் ஓடுது மண்டைக்குள்ள.

நேத்து டாக்டரம்மா வந்தாங்க. அவங்க ஒரு சோதனை வச்சிருக்காங்க. கையை மூடித் திறக்கணும், பத்து செகண்டுல எத்தனைன்னு எண்ணுவாங்க. இருபது வரணுமாம். வந்த அன்னைக்கு எனக்கு ஒம்பது. வெள்ளிக்கிழமை ஏழு. நேத்து எண்ணிட்டு எத்தனைன்னு சொல்லாம எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க. நானும் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். ஆனா நடுவுல விட்டுப்போச்சு.

உங்க கையில கடிகாரம் இருக்கில்ல? பாத்துச் சொல்லுங்க. பத்து செகண்டு. நான் மூடித் திறக்கறேன். நீங்க எண்ணுங்க. ஆரம்பிக்கலாமா?

எத்தனை?

இல்ல, நீங்க சீக்கிரம் நிறுத்திட்டீங்க. மறுபடி எண்ணுங்க. இந்தத் தடவை வாய்விட்டு எண்ணுங்க.

அஞ்சு.

அஞ்சுதானா. கடைசியில ஒண்ணு பாதி திறந்தேன். அதைச் சேக்க மாட்டாங்களா?

சரி. அஞ்சு.

கொஞ்சம் இருங்க. உக்காந்துக்கிறேன். அந்தத் தோளைக் குடுங்க.

இன்னைக்குத் தள்ளி வச்சா அடுத்தது வெள்ளிக்கிழமை. அது போனா மறுபடி செவ்வாய்க்கிழமை. வந்தப்ப நடந்து வந்தேன் நான். இந்த வார்டு வாசல் வரைக்கும் நடந்துதான் வந்தேன். நேத்து பெட்பேன் குடுத்தான் செல்லத்துரை. நேரத்துக்குச் சொல்ல முடியல எனக்கு. அவனே லுங்கியை மாத்திவிட்டுட்டு, அடுத்த கட்டில்காரருக்குக் கேக்கற மாதிரி, "தண்ணியைக் கொட்டிட்டேன் மாமா"ன்னான். எதுக்கெடுத்தாலும் நடுவுல வந்து விழுந்துருவான். அப்படி ஒரு ஆளு.

அதோ, வர்றான் பாருங்க. என்ன மாப்ள, எங்கயாவது தூங்கிட்டியா? கையில என்ன பஞ்சு? ரத்தமா? உன்னை யாரு குடுக்கச் சொன்னா? ஒருத்தர் குடுத்தாத்தான் தியேட்டருக்கு எடுப்பாங்கன்னா ஊர்ல வேற ஆளா இல்ல? பாருங்கண்ணே, இனிமே ஆயுசுக்கும் சொல்லிக் காட்டப் போறான். உக்காருடா மொதல்ல. ஏதாவது தின்னியா? குடுத்தா பிஸ்கட் தருவாங்களே, அதையாவது தின்னுட்டு வந்தியா? பையில வச்சிருக்கியா, எனக்கா? எனக்குப் பச்சைத் தண்ணியே கூடாதுன்னுட்டாங்கடா மடையா. நீ தின்னு.

அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அந்த பிளேடை இவன்கிட்ட குடுங்க. உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல. உங்க மணிக்கட்டு திரும்ப மாட்டேங்குது, எனக்குக் கீறல் விழும், அதுக்காகத்தான். இவனும் பெரிய கைகாரன் இல்ல, நான் கத்துக் குடுத்ததுல பாதிதான் வந்திருக்கு. இருந்தாலும் தொழில்காரன். நர்ஸம்மா அந்தப் பக்கம் மருந்து எடுக்கறாங்க, பாக்க மாட்டாங்க. நீங்க இங்கயே நில்லுங்க. கேட்டா நீங்க பண்ணினதாவே சொல்லிக்கலாம்.

மாப்ள, கையைக் கழுவிட்டு வா.

என்னடா முழிக்கிற? செவ்வாய்க்கிழமைதான். எனக்குத் தெரியாதா? உனக்கும் தெரியும். செவ்வாய்க்கிழமை கத்தி எடுத்த பாவம் உன் தலையிலேயே விடியட்டும். என் தலையில வேண்டாம். சம்மதமா?

"சரி மாமா"ங்கிறான் பாருங்க. எதுக்குமே சரி மாமாதான். ஒரு சண்டை போடக்கூடத் துப்பில்லாத பய.

நுரை பத்தாது, இன்னும் கொஞ்சம் எடு. தாடையைத் தூக்காத. கழுத்து பின்னால போகக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. நீ குனிஞ்சுக்க. இன்னும் கீழ. முட்டி போட்டுக்க, அப்பத்தான் கை நேரா வரும். ஆங். ரத்தம் குடுத்துட்டு வந்திருக்க, ஒரு நிமிஷம் நிதானிச்சுக்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. எட்டரைக்குத்தான்.

என்ன?

பேசினா தொண்டை ஆடுதா?

சரி. நிறுத்திட்டேன். வை.